காய்ச்சல் கண்ட லேப்டாப்

மே 2, வெள்ளி

சர்க்கரை டாக்டர் அம்மாவுக்கு நல்லப்பன் வணக்கம். என்ன சாப்பிட்டேன், எப்படித் தூங்கினேன், நடந்தேனா இல்லையா என்று தினமும் எழுதிக்கொண்டு வரச் சொன்னீர்கள். எனக்குக் கையெழுத்தே கட்டை விரல்தான். அதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் பேசிய வேகத்தில் விட்டுப்போயிற்று. மருமகள் மணிமொழி ஒரு பழைய போனைக் கொடுத்து, "இதுல பேசுங் மாமா. அதுவே எழுதிக்கும், தேதியும் அதுவே போட்டுக்கும்" என்றாள். நான் வழக்கமாகப் பேசுகிறபடி பேசினால் போன் திணறுகிறது. ரேடியோவில் செய்தி வாசிப்பவரைப் போல நிறுத்தி நிதானமாகப் பேசினால் ஒழுங்காக எழுதுகிறதாம். ஆயுள் முழுக்கக் கேட்ட செய்திதானே, அந்தக் குரல் தானாக வருகிறது. அடுத்தவர் பேசியதை மட்டும் அவரவர் வாய்ப்படியே சொல்லிவிடுகிறேன். அதை மாற்றினால் பொய்யாகிவிடும்.

காலையில் இட்லி, தேங்காய் போடாத சட்னி. மதியம் சோறு கொஞ்சம், கீரை நிறைய. சாயங்காலம் ஒன்றும் இல்லை. சாமிக்கு வைத்த வெல்லத்தில் ஒரு துண்டு வாயில் போட்டேன். அது சாமியுடைய வெல்லம், என் கணக்கில் வராது.

வெள்ளிக்கிழமை என்பதால் வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டேன். இந்த வீட்டில் சாமி அலமாரி என் இலாகா. மணிமொழி கருப்புச் சட்டைக்காரர் மகள். அவளுக்கும் என் சின்ன மகன் தண்டபாணிக்கும் நடந்த கல்யாணத்தில் ஐயர் கிடையாது, அக்கினி கிடையாது. ஒரு பேச்சாளர் மைக்கைப் பிடித்துக்கொண்டு சாப்பாடு ஆறுகிற வரைக்கும் பேசினார். அந்தப் பேச்சு முழுவதையும் இப்போது கேட்டாலும் சொல்வேன். மணிமொழி நெற்றியில் இன்றுவரை ஒரு துளி விபூதி பார்த்ததில்லை. ஆனால் என் விளக்குக்குத் திரி தீர்ந்தால் வாங்கிவருகிறவள் அவள்தான். "கும்புடறது உங்க இஷ்டங் மாமா. வீட்டைக் கொளுத்தாமக் கும்புட்டாச் செரி" என்பாள்.

அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து அவளுடைய லேப்டாப்புக்கும் புகை காட்டினேன். இங்கே ஈரோட்டில் உட்கார்ந்துகொண்டு பெங்களூர்க் கம்பெனிக்கு அதில்தான் கணக்குப் பார்க்கிறாள். நான் மாட்டுத் தரகன். பட்டியில் எத்தனை உருப்படி நின்றாலும் உழைக்கிற காளைக்குத்தான் முதல் புகை. லேப்டாப்புக்குப் பின்பக்கத்தில் மூக்குத் துவாரம் மாதிரி வரிசையாக ஓட்டை இருக்கிறது. அங்கே தூபத்தைக் காட்டினால் ஆசையாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. நல்ல ஜீவன்.

மே 5, திங்கள்

கத்திரி பிறந்துவிட்டது. காலையில் ராகிக் கூழ். நடக்கவில்லை, வெயில்.

பதினோரு மணி வாக்கில் மணிமொழி அறையில் இருந்து "அட கெரகமே!" என்று சத்தம். போய்ப் பார்த்தால் லேப்டாப் கருப்பாகக் கிடக்கிறது. பெங்களூர் மேனேஜரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிட்டதாம். அடிப்பக்கத்தைத் தொட்டேன். தோசை வார்க்கலாம். மூக்குப் பக்கம் கை வைத்தால் சூடாக மூச்சு வருகிறது, இடையில் கர்ர் என்று இழுப்பு வேறு.

"காய்ச்சல் அம்மணி. இழுப்பும் இருக்குது" என்றேன்.

"சூடு தாங்காம அதுவே அணைஞ்சுக்குதுங் மாமா. போன வாரமும் இப்படித்தான் ஆச்சு."

ராத்திரிச் சாப்பாட்டின்போதுதான் விஷயம் முழுவதும் தெரிந்தது. தண்டபாணி நூல் கடையில் இருந்து வந்து தட்டின் முன் உட்கார்ந்திருந்தான்.

"இன்னொருக்கா மீட்டிங்ல இப்படி ஆச்சுன்னா வீட்ல இருந்து பாத்த வரைக்கும் போதும், பெங்களூர் ஆபீசுக்கே வந்துருங்கன்னு மேனேஜரு சொல்லிட்டாருங்க" என்றாள் மணிமொழி.

"வேற ஒண்ணு வாங்கிக்கலாமில்ல?"

"வீட்டு லோனை யாரு கட்டுவா, நீங்க கும்புடற முருகனா?"

தண்டபாணி கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தான். "அப்படியே ஆனாலும் போலாம். அங்கயும் நூல் கடை இருக்குது. அப்பாவ அண்ணன் வீட்ல உட்டுட்டா..."

நான் மோர் கேட்டேன். பேச்சு நின்றுவிட்டது.

மூத்தவன் பழனிவேல் திருச்செங்கோட்டில் இருக்கிறான். நல்ல வீடு, நல்ல மருமகள். என்ன, தண்ணீர் உப்பு. காலையில் இருந்து ராத்திரி வரை டி.வி. பேசும், மனுசர்கள் பேச மாட்டார்கள். அதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. என் விசனம் லேப்டாப்பைப் பற்றித்தான். வாயில்லாத ஜீவன்.

மே 6, செவ்வாய்

காலையில் தோசை. எத்தனை என்று நினைவில்லை. எனக்கே நினைவில்லை என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஆகவே, ஐந்து.

மணிமொழியோடு லேப்டாப் கம்பெனியின் சர்வீஸ் கடைக்குப் போனேன். வேண்டாம் என்றாள். லேப்டாப் வாங்கிய அன்று கூடப் போனவன் நான், என் சாட்சி இல்லாமல் வழக்கு நிற்காது என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். ஏ.சி. போட்ட கடை. டை கட்டிய ஒரு பெண் பில்லை வாங்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கியது.

"வாரண்டி முடிஞ்சிருச்சுங்க மேடம். பங்குனியோட போச்சு."

"அதெப்படிப் போகும்?" என்றேன். "இதை வித்தவன் கிளிப்பச்சைச் சட்டை போட்டிருந்தான். மேலிருந்து ரெண்டாவது பட்டன் இல்லை, ஊக்கு குத்தியிருந்தான். டீ குடிச்சுக்கிட்டே சொன்னான், 'ஐயா, இது தும்முனாக்கூடத் தூக்கிட்டு வாங்க, நாங்க இருக்கறோம்'னு. தும்மலுக்கே இருக்கறேன்னவன் காய்ச்சலுக்கு இல்லைன்னா எப்படி?"

"அது விக்கறவங்க பேசறதுங்க தாத்தா. எங்களுக்குத் தேதிதான்."

"எங்க சந்தையில வாய் வார்த்தைதான் பில்லு. மாட்டுப் பல்லைக் காட்டி ஒரு வயசு சொல்லி வித்துட்டு, வேற வயசா இருந்துச்சுன்னா, வித்தவன் மறு சந்தையில தலை காட்ட முடியாது."

"இதுக்குப் பல்லு இல்லைங்களே தாத்தா."

பக்கத்தில் இருந்த பையன்கள் சிரித்தார்கள். நான் லேப்டாப்பைத் திறந்து பொத்தான்களைக் காட்டினேன். "இதென்ன பின்னே? ஒண்ணுகூட ஆடலை பாரு. இளங்கண்ணு. இதுக்குள்ள வாரண்டி முடிஞ்சுதுன்னா யாரு நம்புவா?"

அதற்குள் மணிமொழி என் தோளைத் தொட்டு, "வாங் மாமா, போலாம்" என்றாள். திறந்து பார்ப்பதற்கே தனியாகக் காசு கேட்டார்களாம். வெளியே வந்ததும் கடைப் படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். "பல்லப் புடிச்சுக் காட்டிட்டீங்களே மாமா!" சிரித்து முடித்து முகத்தைத் துடைத்தபோது கண்ணையும் சேர்த்துத் துடைத்தாள். அது சிரித்ததில் வந்த தண்ணீர்தான்.

மே 7, புதன்

ராகிக் களி. லேப்டாப் இன்று இரண்டு முறை அணைந்தது, நல்லவேளை மீட்டிங் இல்லை.

மே 8, வியாழன்

வைத்தியத்தில் இறங்கிவிட்டேன். வேப்பங்கொத்து ஒடித்துவந்து மேசையில் பரப்பி, அதன்மேல் லேப்டாப்பைப் படுக்கவைத்தேன். அம்மை கண்ட கன்றுக்கு அப்படித்தான் செய்வோம். மணிமொழி வந்து பார்த்துவிட்டு இலைகளை வாரி எடுத்தாள். ஓட்டைக்குள் போயிருந்த இரண்டு எறும்புகள் வெளியே வர மறுத்துவிட்டன.

அப்புறம் ஈரச் சாக்கு. குளிர்ந்த தரையில் ஈரச் சாக்கை விரித்துப் போட்டால் எந்தக் காளைக்கும் சூடு தணியும். சாக்கைப் பிழிந்து கொண்டுவருகிற வழியிலேயே மணிமொழி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றாள். "ஐயோ மாமா, கரண்டு ஓடற சாமானுங்! உங்களுக்குக் கோடி கும்புடு, கிட்ட வராதீங்!"

கும்பிடே போடாத வீட்டுப் பெண் கோடி கும்பிடு போட்டதால் திரும்பிவிட்டேன்.

சாயங்காலம் கீழ் வீட்டு ருக்குமணி காய் வாங்க மேலே வந்தாள். நாங்கள் வாங்கிய காயில் பாதியை எடுத்துக்கொள்வதைத்தான் அவள் காய் வாங்குவது என்கிறாள். மேசையைப் பார்த்துவிட்டு, "உனக்கென்ன மணி, நெழல்ல உக்காந்து இத்தனூண்டு பொட்டியிலயே மாசம் ஆனா அள்ளிக்கறே" என்றாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. காய்ச்சல் எங்கிருந்து வந்தது என்று இத்தனை நாள் தேடிக்கொண்டிருந்தேன். கண். காங்கயம் காளை ஒன்று இப்படித்தான் சந்தை வாசலிலேயே நின்ற நிலையில் படுத்தது. பார்த்தவன் பெயர், ஊர், அவன் தோளில் கிடந்த துண்டின் கரை வரை எனக்கு ஞாபகம் இருக்கிறது.

நாளை வெள்ளிக்கிழமை. பார்த்துக்கொள்கிறேன்.

மே 9, வெள்ளி

இட்லி. மதியம் ரசச் சோறு. சர்க்கரைப் பொங்கல் வைத்தேன், நைவேத்தியத்துக்காக. அதைத் தொட்டு மட்டும் பார்த்தேன். வாயால் தொட்டேன்.

மணிமொழி வங்கிக்குப் போயிருந்தாள். கதவைச் சாத்திவிட்டு, லேப்டாப்புக்கு முறையாகச் செய்தேன். வழக்கமாக ஒரு கரண்டி சாம்பிராணி, இன்று இரண்டு. மூக்குத் துவாரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் காட்டினேன். நன்றாக இழுத்தது, பாதியில் ஒரு முறை இருமியது. பிறகு ஒரு கை நிறைய விபூதியை எடுத்து, மாட்டுக்கு மந்திரிக்கிறபோது ஊதுவது போல, அந்தத் துவாரங்களில் ஊதினேன். நெற்றிக்கு, அதாவது மூடிக்கு, சந்தனம். ஓரத்தில் ஒரு மல்லிகை செருகினேன். எலுமிச்சம்பழம் சுற்றி ரோட்டில் போட்டுவிட்டு வந்து, மேலே தெரிந்ததை எல்லாம் ஈரத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டேன். அவளுக்குத் தெரிந்து அவள் மனம் சங்கடப்படக் கூடாது. அவரவர் கொள்கை அவரவருக்கு.

செய்து முடித்ததும் தொட்டுப் பார்த்தேன். கொஞ்சம் தணிந்த மாதிரி இருந்தது. அப்போது அது அணைந்திருந்தது என்பதும் உண்மைதான்.

மே 10, சனி

லேப்டாப் எழுந்திருக்கவே இல்லை. பொத்தானை அமுக்கினால் உயிர் வருகிறது, ஒரு முறை உறுமுகிறது, மறுபடி கருப்பு. தண்டபாணி அடித்துப் பார்த்தான். மணிமொழி தடவிக்கொடுத்துப் பார்த்தாள். புதன்கிழமை பெரிய மீட்டிங்காம். வருசக் கணக்கு முழுவதையும் அவள் திரையில் விரித்துக் காட்ட வேண்டும். அது போனில் ஆகாதாம்.

மத்தியானம் சமையலறையில் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். "என்ன அம்மணி?" என்றேன்.

"வெங்காயங் மாமா."

இன்றைய குழம்பு மோர்க்குழம்பு. அதில் வெங்காயம் இல்லை.

மே 11, ஞாயிறு

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜாபர் என்று ஒருவன் சின்னதாகக் கடை வைத்திருக்கிறான். எந்தக் கம்பெனி லேப்டாப்பாக இருந்தாலும் திறப்பான் என்று தண்டபாணிக்குத் தெரிந்தவர் சொன்னார். மூன்று பேரும் போனோம். விலை பேசுவதை என்னிடம் விட்டுவிடுங்கள் என்று வழியிலேயே சொல்லிவிட்டேன்.

நல்ல பையன், முப்பது வயது இருக்கும். லேப்டாப்பை மேசையில் வைத்ததும், சந்தையில் செய்கிறபடி, என் துண்டை எடுத்து அவன் கைமேல் போர்த்தி, உள்ளே அவன் விரலைப் பிடித்தேன். துண்டுக்குள் எந்த விரலை எப்படி அழுத்தினால் என்ன விலை என்பது எங்களுக்குள் பாஷை. பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாது.

ஜாபர் திடுக்கிட்டான். "என்னங் ஐயா, நாடி பாக்கறீங்களா?"

"பேசாத. சொல்லு" என்று நடுவிரலை அழுத்தினேன்.

"ஐயோ, கூசுதுங்!" என்று நெளிந்து நெளிந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டான். சிரிக்கிறவனிடம் விலை பேச முடியாது. துண்டை எடுத்துக்கொண்டேன். தண்டபாணி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான், எங்களைத் தெரியாதவன் மாதிரி.

ஜாபர் திருகு ஒவ்வொன்றாகக் கழற்றி அடிமூடியை எடுத்தான். எடுத்தவன் மூக்கை உறிஞ்சினான். "இதென்னங்க, தர்கா வாசம் வருது?"

விளக்கைக் கிட்டே இழுத்தான். ஒரு சின்னக் குச்சியால் நெம்பினான். உள்ளே இருந்த காற்றாடி, அந்த உள்ளங்கையளவு காற்றாடி, தார் பூசியது மாதிரி கருப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. லேப்டாப்பைக் கவிழ்த்துத் தட்டினான். பொலபொலவென்று சாம்பல் நிறத்தில் கொட்டியது. பின்னாலேயே காய்ந்த மல்லிகை இதழ் ஒன்று.

"எட்டு வருசமாத் தொறக்கறேனுங்க" என்றான் ஜாபர். "கரப்பான் பாத்திருக்கேன். பல்லி முட்டை பாத்திருக்கேன். ஒரு வாத்தியார் லேப்டாப்ல பாதி முறுக்கு பாத்திருக்கேன். விபூதிய இப்பத்தான் பாக்கறேன். சாம்பிராணிப் பிசினு காத்தாடில ஒட்டியிருக்குது, அது மேல விபூதி அப்பியிருக்குது. காத்து எப்படிங்க போகும்? யாருங்க கும்புட்டது இதை?"

தண்டபாணி என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஓர் அருவிப் படம். நல்ல அருவி. தண்ணீர் விழுவது தத்ரூபமாக இருந்தது.

"நான்தான்" என்றாள் மணிமொழி.

"நீயா?" என்றான் தண்டபாணி.

"ஆமா. வேலை போயிருமோன்னு பயமா இருந்துச்சு. போட்டேன்."

"நீ, விபூதி, சாம்பிராணி?"

"போட்டேன்னு சொல்றேனில்ல. இதுக்கு என்ன இப்போ, ஊர்வலமா போகணும்?"

"மாமனுக்குத் தெரிஞ்சா..."

"எங்கப்பாகிட்டச் சொன்னீங்கன்னா அப்புறம் இருக்குது."

ஜாபர் தூரிகையால் சாம்பலைக் கூட்டிக்கொண்டே, "உடுங்கண்ணா. பயம் வந்துட்டா எல்லாரும் ஏதாச்சும் ஒண்ணு பண்ணத்தான் செய்வோம்" என்றான்.

மணிமொழி என் பக்கம் திரும்பவே இல்லை. சுத்தம் செய்தாலும் இந்தக் காற்றாடி இனி ஓடாதாம். பழைய மாடல் என்பதால் புதிது சென்னையில் இருந்து வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகுமாம். "அதுவரைக்கும் அடிமூடியப் போடாம, டேபிள் ஃபேனை நேராத் திருப்பி வெச்சு ஓட்டிக்கங்க்கா. காத்து நின்னுச்சுன்னா அஞ்சு நிமிசம் தாங்காது" என்று சொல்லிக் கொடுத்தான்.

அவள்தான் விபூதி போட்டாளாம். போட்டிருக்கலாம், டாக்டர் அம்மா. விபூதித் தட்டு வீட்டில் பொதுவாகத்தான் இருக்கிறது.

மே 12, திங்கள்

இன்று ஒன்றும் சாப்பிடவில்லை. பசி இல்லை, வெயில் காரணம். மணிமொழி இரண்டு தடவை கூப்பிட்டாள். பிறகு தட்டைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு, "சாப்புடாமக் கெடந்தா மாத்திரை போட முடியாதுங் மாமா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சாமி அலமாரியை ஹாலில் இருந்து என் அறைக்கு மாற்றிவிட்டேன். ஹாலில் காற்று அதிகம், திரி அணைந்து அணைந்து போகிறது. அதனால் மட்டும்தான்.

மே 14, புதன்

இன்றைக்கு நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலில் சாப்பாடு: ராகிக் களி, கீரைத் தண்ணீர். அதை ஏன் முதலில் சொன்னேன் என்பது பின்னால் தெரியும்.

தண்டபாணி கடைக்குப் போய்விட்டான். ஹால் மேசையில் நான்கு டம்ளர்களைக் கவிழ்த்து, அதன்மேல் லேப்டாப்பை வைத்து, பக்கத்தில் டேபிள் ஃபேனைத் திருப்பிவிட்டாள் மணிமொழி. அடிமூடி இல்லாமல் அது குடல் தெரிய நின்றது. "மாமா, மீட்டிங் முடியற வரைக்கும் உங்க ரூம்லயே இருங். தண்ணி, மாத்திரை எல்லாம் வெச்சுட்டேன்" என்றாள். என்னை அடைத்துவைத்தாள் என்று சொல்ல மாட்டேன். கதவு திறந்துதான் இருந்தது.

அவள் இங்கிலீஷில் பேசினாள். மழை பெய்கிற மாதிரி நிற்காமல் பேசினாள். நான் கட்டிலில் உட்கார்ந்து ஃபேனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் ஆகியிருக்கும். என் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்த ஃபேன் ஒரு மாதிரி சோர்ந்தது. ஹால் ஃபேனும் மெதுவாகி, இறக்கை தெரிய ஆரம்பித்து, நின்றது. கரண்ட் போய்விட்டது. லேப்டாப்புக்குப் பேட்டரி உண்டு, நெட் அவள் போனில் இருந்து வருகிறது, ஃபேனுக்குத்தான் கதி இல்லை.

மணிமொழியின் குரல் முன்னைவிட வேகமாக ஓடியது. ஐந்து நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கப் பார்க்கிறாள் என்று பாஷை தெரியாத எனக்கே விளங்கியது.

என் பனை விசிறியை எடுத்துக்கொண்டு போனேன். நின்று விசிறினால் நான் திரையில் தெரிவேன். ஆகவே மேசைக்குப் பின்பக்கமாகப் போய் முழங்காலில் தவழ்ந்து உள்ளே நுழைந்துவிட்டேன். என் தலை அவள் காலில் இடித்ததும் துள்ளி விழப் பார்த்தாள். குனிந்து பார்த்தாள். நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி எனக்கு இடம் விட்டாள். மேசையின் விளிம்புக்கு வெளியே கையை மட்டும் நீட்டி, கீழிருந்து மேலாக விசிற ஆரம்பித்தேன். படக், படக், படக்.

கொஞ்ச நேரத்தில் மேனேஜர் ஏதோ கேட்டார். இவள் பதில் சொன்னாள். அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவளுடைய குரல் இறங்கியது, பிறகு ஏறியது. அவளுக்கும் அவளுடைய அப்பாவுக்கும் விவாதம் வந்தால் அந்தக் குரல்தான் வரும். நடுவில் 'ஃபாதர் இன் லா' என்று இரண்டு முறை வந்தது. அந்த வார்த்தை எனக்குத் தெரியும், உங்கள் ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கும்போது அவள் என்னைக் காட்டி அப்படித்தான் சொல்வாள். அப்புறம் "நோ சார்" என்றாள். என் கை வலித்தது. நான் நிறுத்தவில்லை.

பிறகு மேனேஜர் மெதுவாக ஏதோ சொன்னார். மணிமொழி "தேங்க் யூ சார்" என்றாள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது.

"போதுங் மாமா, வெளிய வாங்."

வெளியே வர முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. அவள் என் கக்கத்தில் கை கொடுத்து இழுத்தாள். பாதி உடம்பு மேசைக்கு வெளியே வந்தபோது நிமிர்ந்து பார்த்தால், திரையில் கட்டம் கட்டமாகத் தலைகள், ஒரு பட்டி மாடு மாதிரி. எல்லாம் என்னையே பார்க்கின்றன. நாலு காலில் நின்றபடியே விசிறியோடு சேர்த்துக் கும்பிட்டேன்.

"வணக்கங்க. எல்லாரும் நல்லாருக்கீங்களா?"

கண்ணாடி போட்ட ஒருத்தர், அவர்தான் மேனேஜராம், உடைந்த தமிழில், "ஐயா, சாப்பிட்டீங்களா?" என்றார்.

"ராகிக் களிங்க" என்றேன். பாருங்கள், பெங்களூரிலேயே சாட்சி இருக்கிறது.

சாயங்காலம் தண்டபாணி வந்ததும் மணிமொழி எல்லாவற்றையும் சொன்னாள். நான் என் அறையில் படுத்திருந்தேன்.

"இதென்ன படக் படக்னு சத்தம், ஆபீசுக்கு வந்துட்டா இந்த நாடகமெல்லாம் வேண்டாமேன்னு சிரிச்சாருங்க. எனக்கு வந்துச்சு கோவம். 'சார், சத்தம் போடறது எங்க மாமனார், மெசினுக்கு விசிறிட்டிருக்காரு. ஒரு கணக்கு தப்பாக் குடுத்திருக்கனா, ஒரு நாள் லேட்டாக் குடுத்திருக்கனா? வேலை செய்யற தலை என்னுது, மெசினு குடுக்க வேண்டியது நீங்க. நான் ஈரோட்டை உட்டு வரமாட்டேன். மெசினு அனுப்புங்க, இல்லீன்னா என் கணக்க முடிங்க'ன்னுட்டேன்."

"அட! அதுக்கு?"

"அடுத்த வாரம் அனுப்பறேன்னுட்டாரு."

தண்டபாணி செம்பை எடுத்துத் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. "செரி, இல்லீன்னு சொல்லியிருந்தா? பெங்களூர் போயிருக்கலாமே. அப்பாவ அண்ணன் நல்லாத்தானே பாத்துக்குவாரு."

"ஆமா, நல்லாப் பாத்துக்குவாங்க. அங்க அவரு எந்த லேப்டாப்புக்குங்க சாம்பிராணி போடுவாரு?"

அதற்குத் தண்டபாணி சிரித்த சிரிப்பில் கீழ் வீட்டு ருக்குமணி என்ன என்று கேட்டு மேலே வந்துவிட்டாள்.

எனக்குக் காது கொஞ்சம் மந்தம், டாக்டர் அம்மா. அவள் கடைசியாகச் சொன்னது சரியாகக் கேட்கவில்லை.

மே 15, வியாழன்

வலது தோள் தூக்க முடியவில்லை. இட்லியை இடது கையால் சாப்பிட்டேன், அதனால் குறைவாகத்தான் சாப்பிட்டேன்.

மே 23, வெள்ளி

புது லேப்டாப் நேற்று வந்தது. ஒட்டகக் குட்டி மாதிரி உயரமான பெட்டியில், நுரை மெத்தைக்குள் படுத்து வந்தது. வாரண்டி எத்தனை வருடம் என்று கேட்டேன். "அது கம்பெனியோடதுங் மாமா. ரிப்பேர் ஆனா அவிங்க பாடு" என்றாள். தும்மினால்? "அதுவும் அவிங்க பாடுதான்."

காலையில் உப்புமா. மதியம் பாகற்காய், அதை நான் விரும்பிச் சாப்பிட்டேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் தூபக்காலில் கங்கு எடுத்துப் போட்டேன். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற வீட்டில் புகை இல்லாமல் எப்படி? என் அறையோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். வாசல்படி வரை வந்து நின்றேன். மணிமொழி மேசையில் வேலையாக இருந்தாள். என் கையைப் பார்த்தாள், கங்கைப் பார்த்தாள்.

லேப்டாப்பை மூடினாள். வயரைப் பிடுங்கினாள். கைக்குழந்தையைத் தூக்குவது போல அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய், கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள். அங்கே இருந்தபடியே என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள். போடுங்க என்று அர்த்தம்.

ஹாலைச் சுற்றினேன். சமையலறைக்குக் காட்டினேன். கீழே இருந்து ருக்குமணி, "என்ன மணி, பொட்டிக்கு வேடிக்கை காட்டறயா?" என்பது கேட்டது. "ஆமாங்க்கா, சோறு உண்ண மாட்டேங்குது" என்றாள் இவள்.

திரும்பிப் பார்த்தேன். மேற்கு வெயில் முழுவதும் அந்தப் பால்கனியில்தான் இறங்கும். சிமெண்டுத் தரை பகலெல்லாம் காய்ந்து கிடக்கிறது. அவசரத்தில் செருப்பு போடாமல் போயிருக்கிறாள். லேப்டாப்பை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தாள்.

இன்னும் இரண்டு அறை பாக்கி. சொல்ல வேண்டிய மந்திரமும் பாதி பாக்கி. கங்கில் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றினேன், உஸ் என்று அடங்கியது. ஜன்னலை எல்லாம் திறந்து, துண்டால் புகையை வெளியே விரட்டிவிட்டுக் கதவைத் தட்டினேன்.

"ஆச்சு அம்மணி. உள்ள வா, கால் சுடுது பாரு."

சாமிக்கு இன்றைக்கு அரைப் புகைதான். கேட்டால் நான் சொல்லிக்கொள்கிறேன்.